லால்பாக்கில் கேமராவோடு ஒரு நாள்

பெங்களூருக்கு விடுமுறையில் போனால், காலை ஆறு மணிக்கே லால்பாக் வாசலில் நில்லுங்கள். 240 ஏக்கர் தோட்டம். எல்லாவற்றையும் எடுக்க நினைத்தால் கால்தான் வலிக்கும்.

முதலில் பாறை மேல் ஏறுங்கள். சுமார் 300 கோடி ஆண்டுப் பழையது. உச்சியிலுள்ள கெம்பேகவுடா கோபுரத்தை எல்லோரும் எடுப்பார்கள், விடுங்கள். நீங்கள் குனிந்து, பாறையில் ஓடும் வெளிர், கரு வரிகளைப் பாருங்கள். சாய்வெயிலில்தான் அவை எழும்பித் தெரியும். எட்டரைக்கு மேல் சப்பென்று ஆகிவிடும்.

அப்புறம் ஏரிக்கரை. நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (இரு மடங்கு) ஏற்றுங்கள். இல்லையென்றால் மின்னும் தண்ணீருக்கு முன்னால் பறவை வெறும் கறுப்பு உருவமாகிவிடும். கண் தெரிய வேண்டும். கண் இல்லாத பறவைப் படத்தை நான் அழித்துவிடுவேன்.

பசித்தால் பக்கத்திலேயே எம்டிஆர் உணவகம், ரவா இட்லி. வரிசையில் நிற்கும்போது பேட்டரியைப் பாருங்கள்.

திரும்பி வந்து, 1889இல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகை. சுதந்திர தின, குடியரசு தின மலர்க் கண்காட்சிச் சமயத்தில் ட்ரைபாடை அறையிலேயே வைத்துவிடுங்கள், அவ்வளவு கூட்டம். மற்ற நாட்களில் நடு அச்சில் நின்று, இரும்புத் தூண்கள் சாயாதபடி கேமராவை மட்டமாகப் பிடித்தால் போதும்.