சரக்கு ரயிலை அமைப்பதும் நேரம் வகுப்பதும்: வேகன் மணிக் கணக்கிலிருந்து தொடங்கும் வழிமுறை

சரக்கு ரயில் இயக்கத்தைச் சீர்படுத்த முனைபவர், வேகன்கள் எங்கெங்கே எத்தனை மணி நேரம் நிற்கின்றன என்பதை முதலில் கணக்கெடுக்க வேண்டும். சரக்கு ஏற்றும் பக்கப் பாதையான சைடிங், வழியில் வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் யார்டு, பயணிகள் வண்டிக்கு வழிவிட்டு நிற்கும் லூப் லைன், இறக்கும் முனையம் ஆகியவற்றில் கழியும் நேரம் பெரும்பாலும் ஓடும் நேரத்தைவிட மிகுதியாகவே இருக்கும். ஒரு வேகன் ஒரு மணி நேரம் நிற்பதை ஒரு வேகன் மணி என்று கொண்டால், அடுத்து எடுக்கும் முடிவுகள் அனைத்தையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம்.

எந்த ஊருக்குத் தனி வண்டி விடுவது, எந்த ஊருக்கான வேகன்களைப் பிறவற்றோடு சேர்த்து அனுப்பி இடையிலுள்ள யார்டில் பிரிப்பது என்பதே வண்டி அமைப்பின் அடிப்படைக் கேள்வி. ஓர் ஊருக்கான வேகன்கள் நாள் முழுவதும் சீராக வந்து, 58 சேர்ந்ததும் வண்டி புறப்படுகிறது எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 29 வேகன்கள் வந்தால் வண்டி நிறைய 2 நாள் ஆகும். ஒவ்வொரு வேகனும் சராசரியாக 24 மணி நேரம் காத்திருக்கும். அன்றாட இழப்பு 696 வேகன் மணி. நாளொன்றுக்கு 116 வந்தால் அரை நாளில் வண்டி நிறையும். சராசரிக் காத்திருப்பு 6 மணி நேரமாகச் சுருங்கும். ஆயினும் அன்றாட இழப்பு அதே 696 தான். வரத்து எவ்வளவாக இருந்தாலும், புதிதாகத் தனி வண்டி பெறும் ஒவ்வோர் ஊரும் இந்தத் தொகையைக் கேட்கிறது. இடையிலுள்ள யார்டைத் தவிர்ப்பதால் வேகனுக்கு 10 மணி நேரம் மிச்சமாகுமானால், நாளொன்றுக்கு 70 வேகன்களாவது வரும் ஊருக்குத்தான் தனி வண்டி ஆதாயம் தரும். நடைமுறையில் வேகன்கள் கொத்துக் கொத்தாக வருவதால் உண்மையான இழப்பு சற்றுக் குறைவாக இருக்கலாம். ஆகவே தம் யார்டின் பதிவுகளிலிருந்து அதை அளந்துகொள்வது நல்லது.

இந்திய ரயில்வே 1980களிலிருந்து தனித்தனி வேகன்களை ஏற்பதைப் படிப்படியாகக் குறைத்து, ஏற்றும் இடத்திலிருந்து இறக்கும் இடம்வரை பிரிக்கப்படாமல் செல்லும் முழு ரேக்குகளுக்கு, அதாவது ஒரு வண்டியளவு வேகன் தொடர்களுக்கு, மாறியது. முகல்சராய் போன்ற பெரிய யார்டுகளில் வேகன் பிரிக்கும் வேலை இதனால் வெகுவாகக் குறைந்தது. ஆனால் சேர்வதற்கான காத்திருப்பு மறைந்துவிடவில்லை. அது சரக்கு அனுப்புவோரின் கிடங்குக்கு இடம்பெயர்ந்தது, அவ்வளவே. முழு ரேக்குக்குச் சரக்கில்லாத சிறு தொழில்கள் லாரியை நாடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறக்கலாகாது. எனவே திட்டமிடுபவர் குறைவான வேகன்கள் கொண்ட குறு ரேக், இரு முனையங்களில் இறக்கும் ரேக் போன்ற சலுகைகளைக் கட்டாயம் ஆராய வேண்டும். சென்னைத் துறைமுகத்திலிருந்து பெங்களூரு ஒயிட்ஃபீல்டுக்குச் செல்வது போன்ற கொள்கலன் வண்டி 45 வேகன்களில் 20 அடிப் பெட்டிகள் 90 வரை ஏற்றும். அதில் பல நிறுவனங்களின் சரக்கை ஒன்றுசேர்க்க முடியும்.

அடுத்து நீளமும் எடையும். லூப் லைனில் வண்டி நிற்கக்கூடிய நீளம் இந்தியாவில் பல இடங்களில் 686 மீட்டர்தான். ஏறத்தாழ 11 மீட்டர் நீளமுள்ள 58 நிலக்கரி வேகன்களும், கடைசியில் இணைக்கப்படும் பிரேக் வேனும், ஓர் என்ஜினும் சேர்ந்தாலே 670 மீட்டரை நெருங்கும். மேட்டுப் பாதையில் ஏறுவதற்காக இரண்டாவது என்ஜின் சேர்க்கும்போது வழியில் எந்த லூப் தாங்கும் என்று முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். 2022 ஆகஸ்ட் 15 அன்று 295 வேகன்களோடு ஓடிய ‘சூப்பர் வாசுகி’ போல ரேக்குகளை இணைத்து ஓட்டினால் பாதையில் இடம் மிச்சமாகும். ஆனால் இணைக்கவும் பிரிக்கவும் ஆகும் வேகன் மணிகளைக் கழித்த பிறகே அது ஆதாயமா என்று சொல்ல முடியும்.

நேரம் வகுக்கும்போது பாதையின் கொள்ளளவை முதலில் அறிய வேண்டும். ஒற்றைப் பாதையில் மிக நீண்ட பிளாக் பிரிவை (ஒரு நேரத்தில் ஒரு வண்டியை மட்டும் அனுமதிக்கும் பகுதியை) கடக்க மெதுவான வண்டிக்கு 15 நிமிடமும், அடுத்த வண்டிக்கு அனுமதி பெறும் பிளாக் வேலைக்கு 5 நிமிடமும் ஆகுமானால், ஒரு நாளின் 1,440 நிமிடத்தை 20ஆல் வகுத்து, அதில் நடைமுறையில் கிடைக்கும் அளவாக 70 சதவீதத்தைக் கொண்டால், இரு திசைக்கும் சேர்த்து நாளுக்கு 50 வண்டிகள் என்று ஸ்காட் சூத்திரம் சொல்லும். இதில் பயணிகள் வண்டிகளையும் பராமரிப்புக்காகப் பாதையை மூடும் நேரத்தையும் வரைபடத்தில் முதலில் குறித்துவிட்டு, எஞ்சிய இடைவெளிகளில் ஒரே வேகமுள்ள சரக்கு வண்டிகளை அடுத்தடுத்து விட வேண்டும். விரைவு வண்டிக்கும் மெதுவான வண்டிக்கும் மாறி மாறி இடம் கொடுத்தால் முந்தவிடுவதிலேயே கொள்ளளவு கரைந்துவிடும்.

லோகோ பைலட்டின் தொடர்ந்த ஓட்டப் பணி பொதுவாக 9 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். ஆகவே பணியாளர் மாறும் நிலையத்தை அதற்குள் எட்டாத வண்டியைப் புறப்பட விடாமல் நிறுத்திவைப்பதே சரி. இறக்கும் முனையம் ஒரு ரேக்கை எத்தனை மணி நேரத்தில் இறக்கி முடிக்குமோ, அந்த இடைவெளியிலேயே ஏற்றுமிடத்திலிருந்தும் வண்டிகளை விட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றையே கையாளும் முனையத்தில் மூன்று ரேக்குகள் சேர்ந்து போய் நின்றால் இரண்டு வீணே நிற்கும், டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணமும் ஏறும்.

இறுதியாக, வெற்று ரேக் திரும்பும் பயணத்தையும் சரக்கு வண்டியைப் போலவே நேரம் குறித்துத் திட்டமிட வேண்டும். பயன்பாட்டிலுள்ள வேகன்களின் எண்ணிக்கையை, அன்றாடம் ஏற்றப்பட்ட வேகன்களோடு பிற மண்டலங்களிலிருந்து சரக்குடன் வந்தவற்றையும் கூட்டிய தொகையால் வகுத்தால் ஒரு முறை ஏற்றியதிலிருந்து அடுத்த முறை ஏற்றும்வரை ஆகும் வேகன் சுற்றுக்காலம் நாள் கணக்கில் கிடைக்கும். மாற்றத்துக்கு முந்தைய வாரங்களையும் பிந்தைய வாரங்களையும், சரக்கு ஏற்றப்படும் அளவின் பருவ ஏற்ற இறக்கத்தைக் கருத்தில் கொண்டு, இந்த எண்ணால் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே புதிய திட்டத்தை நிலையாக்க வேண்டும்.