சொவெட்டோ வீட்டின் பழைய இரகசியத்தைக் கேட்டறிவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரை ஒட்டிய கறுப்பினத்தவர் குடியிருப்பான சொவெட்டோவில் நிறவெறி ஆட்சிக் காலத்தில் வளர்ந்த ஒருவரின் குழந்தைப்பருவத்தைக் கேட்டு எழுத முற்படுகிறவர், அங்கே பல குடும்ப உண்மைகள் சட்டத்துக்கு அஞ்சியே மறைக்கப்பட்டன என்பதை முதலில் உணர வேண்டும். 1952 முதல், கறுப்பினத்தவர் எவரும் அனுமதியின்றி நகரப் பகுதியில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கக்கூடாது என்று சட்டம் இருந்தது. அந்நகரிலேயே பிறந்து தொடர்ந்து வாழ்ந்தவருக்கும், ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 10 ஆண்டுகள் உழைத்தவருக்கும், சட்டப்படி தொடர்ந்து 15 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவருக்கும், அவர்களுடைய மனைவிக்கும் மணமாகாத மகள்களுக்கும் வயது வராத மகன்களுக்கும் மட்டுமே விலக்கு இருந்தது. ஆகவே கிராமத்தில் பிறந்த தங்கை மகனைத் தம் மகன் என்று சொல்லிக் காப்பாற்றுவதைத் தவிர ஒரு பெண்ணுக்கு வேறு வழியிருந்திருக்காது.

எனவே, "உண்மையில் உங்கள் தாய் யார்?" என்று தொடங்காதீர்கள். அந்த வீட்டில் வசிக்க அனுமதிக்கப்பட்டவர்களின் பெயர்கள் பதிந்த வீட்டு அனுமதிச் சீட்டு இன்னும் இருந்தால் அதைக் காட்டும்படி பணிவாகக் கேளுங்கள். குடும்பத் தலைவரின் பெயருக்குக் கீழே வரிசையாக இருக்கும் பெயர்களில் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, "இவர் எங்கே படுத்திருப்பார்?" என்று மட்டும் கேளுங்கள். தீப்பெட்டி வீடுகள் என்று அழைக்கப்பட்ட அந்த நான்கு அறை வீடுகள் பலவற்றில் உட்கூரையும் இல்லை, அறைகளுக்கிடையே கதவும் இல்லை. சமையலறைத் தரையில் நிலக்கரி அடுப்பின் வெதுவெதுப்பில் படுத்த பிள்ளைக்குப் பெரியவர்களின் இரவுப் பேச்சு காதில் விழாமல் இருந்திருக்காது. அனுமதி சோதிக்க நள்ளிரவில் போலீஸ் கதவைத் தட்டும்போது எந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கலாம். அதையும் மறவாமல் கேளுங்கள்.

உறவுச் சொற்களை அவர்கள் சொன்னபடியே குறித்துக்கொள்ளுங்கள். ஜூலு மொழியில் தாயின் அக்காளை "மம்குலு", அதாவது பெரிய அம்மா, என்பார்கள்; நம் "பெரியம்மா"வே அது. இதை அறியாத ஆங்கில வழி ஆய்வாளர் தடுமாறும் இடத்தில் தமிழர் எளிதாகப் புரிந்துகொள்வார் என்பது என் நம்பிக்கை. எனினும், பாட்டியே பேத்தியை மகளாக வளர்த்த வீடுகளில் "அம்மா" என்ற சொல் இருவரைக் குறிக்கக்கூடும் என்பதால், அவசரப்பட்டுக் குடும்ப மரம் வரையாதீர்கள்.

அனுமதிச் சட்டங்கள் 1986-இல் நீக்கப்பட்டபோதும், அப்படி மறைத்து வளர்க்கப்பட்ட பலர் சீட்டில் பதிந்த பெயரையே தொடர்ந்து தாங்கியிருக்கக்கூடும். அதைத் திருத்த வேண்டுமென்று நீங்கள் வற்புறுத்தக் கூடாது. பேசுகிறவர் ஒரு பெயரில் நின்றுவிட்டால் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு, அந்தப் பெயருக்குரியவர் உயிரோடிருக்கிறாரா என்று கேளுங்கள். உயிரோடிருந்தால், அவர் சம்மதம் கிடைக்கும்வரை அந்தப் பக்கத்தை எழுதாமல் வையுங்கள்.