நாலு கட்டமும் நிறைந்திருக்க வண்டி ஏன் நிற்கிறது? வாற்று மீற்றரால் பற்றரியைப் பார்க்கும் முறை

வலையிறவுப் பாலம் தாண்டி வயல்வெளி தொடங்கும் இடத்தில்தான் என் மின்சார ஸ்கூட்டர் முதல் தடவை நின்றது. மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலிருந்து புறப்படும்போது முன்பலகையில் பற்றரிக் கட்டம் நாலும் நிறைந்திருந்தன. வவுணதீவுக்கு அப்பால் நான் படிப்பிக்கும் முன்பள்ளிக்குப் பதினொரு கிலோமீற்றர்தான் தூரம். கச்சான் காற்று முகத்தில் அடிக்க வண்டி இழுத்து இழுத்துப் போய் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் திரும்பவும் மூன்று கட்டம் காட்டியது.

2022 ஆனியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போய், வரிசையிலும் கிடைக்காமல் இருந்த நாட்களில் கடன் பட்டு வாங்கிய வண்டி இது. 12 வோல்ற்று ஈயப் பற்றரிகள் நாலு, ஒவ்வொன்றும் 20 அம்பியர் மணி (பற்றரி எவ்வளவு கொள்ளும் என்ற அளவு). கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல் "நாலையும் மாத்தணும்" என்றார். அந்தக் காசு என்னிடம் இல்லை. றேடியோ திருத்தியே எங்களை வளர்த்த அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அளக்காம ஒண்டையும் கழட்டாத புள்ள." அதன் பிறகு வாங்கியதுதான் இந்த வாற்று மீற்றர்.

தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி. ஒரு பக்கம் இரண்டு தடித்த வயர், மறுபக்கம் இரண்டு. பற்றரிக்கும், மோட்டருக்கு மின்சாரத்தை அளந்துவிடும் கொன்ட்ரோலருக்கும் நடுவில் இதைப் பூட்டினால், ஓடும் மின்சாரம் முழுவதும் இதற்குள்ளால்தான் போகும். முன்பலகைக் கட்டங்கள் வோல்ற்றை மட்டும் பார்க்கின்றன. சும்மா நிற்கும் ஈயப் பற்றரி, உள்ளே சரக்கில்லாவிட்டாலும் நல்ல வோல்ற்றைக் காட்டும். இந்த மீற்றரோ எவ்வளவு எடுத்தோம் என்று கணக்கு வைக்கிறது.

வாங்குமுன் வோல்ற்று எல்லையைப் பாருங்கள். பரவலாகக் கிடைக்கும் மீற்றர்கள் 60 வோல்ற்று வரைக்கும்தான். "48 வோல்ற்று வண்டிதானே" என்று நினைப்போம். ஆனால் நாலு ஈயப் பற்றரி சார்ஜ் ஏறி முடியும்போது 58, 59 வோல்ற்றைத் தொடும். அதற்கு மட்டுமட்டாகப் பொருந்தும். ஐந்து பற்றரி உள்ள 60 வோல்ற்று வண்டிக்கு இதைப் பூட்டவே கூடாது. சார்ஜில் 73 வோல்ற்றுக்கு ஏறி மீற்றர் எரிந்துபோகும். அப்படியான வண்டிக்கு 100 வோல்ற்றுக்கு மேல் தாங்கும் வகையைத் தேடி வாங்குங்கள். அம்பியர் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். பெட்டியில் 100 என்று போட்டிருந்தாலும் சின்ன ஸ்கூட்டர் 25, 30க்கு மேல் இழுக்காது.

பூட்டும்போது முதலில் சாவியை எடுத்துவிட்டு, பற்றரியின் பிரேக்கரை விழுத்துங்கள். கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிவிடுங்கள். ஸ்பானர் இரண்டு முனையில் ஒன்றாகப் பட்டால் நெருப்புப் பறக்கும், இரும்பு உருகும். மீற்றரில் 'சோர்ஸ்' என்று எழுதிய பக்கம் பற்றரிக்கு, 'லோட்' என்ற பக்கம் கொன்ட்ரோலருக்கு. சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. மாறிக் கொடுத்தால் மீற்றர் மட்டுமல்ல, கொன்ட்ரோலரும் போய்விடும். அதனால் நான் மல்டிமீற்றரால் இரண்டு தரம் பார்த்த பிறகுதான் பிளக்கைச் செருகுவேன். பற்றரியின் சிவப்பு முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்க வேண்டும். மீற்றருக்கு அங்கால் வைத்த பியூஸ் மீற்றரைக் காப்பாற்றாது.

பலர் தவறவிடும் இடம் கறுப்பு வயர். மீற்றர் அம்பியரை அளப்பது அந்த வயரில்தான். உள்ளே இருக்கும் சின்ன உலோகத் துண்டுக்குக் குறுக்கே விழும் வோல்ற்றைப் பார்த்து அம்பியரைக் கணக்கிடுகிறது. கொன்ட்ரோலரிலிருந்தோ லைற்றிலிருந்தோ இன்னொரு கறுப்பு வயர் மீற்றரைச் சுற்றி நேரே பற்றரிக்குப் போனால் அந்த அளவு கணக்கில் வராது. என் வண்டியில் லைற்றுக்கான வயர் அப்படித்தான் போயிருந்தது. கழற்றி லோட் பக்கம் சேர்த்தேன்.

திரையில் அம்பியர், வோல்ற்று, வாற்று மூன்றும் நிலையாக நிற்கும். கீழ் மூலையில் மட்டும் அம்பியர் மணி, வாற்று மணி, உச்ச அம்பியர், உச்ச வாற்று, மிகக் குறைந்த வோல்ற்று என்று இரண்டு செக்கனுக்கு ஒன்றாக மாறி மாறி வரும். இதில் எனக்குப் பெரிதாக உதவியது அந்த மிகக் குறைந்த வோல்ற்றுத்தான். பயணம் முழுவதிலும் பற்றரி ஒரு கணமாவது எவ்வளவு கீழே விழுந்தது என்பதை அது பிடித்து வைத்திருக்கும். மின்சாரம் விட்டதும் எல்லா எண்ணும் அழிந்துவிடும். ஆகவே பிரேக்கரை விழுத்துமுன் கொப்பியில் எழுதுங்கள், இல்லாவிட்டால் போனில் படம் எடுங்கள்.

எங்கள் ஊர் தட்டை. ஏற்றம் என்று சொல்ல இருப்பது பாலங்கள்தான். அதனால் கல்லடிப் பாலத்தை என் சோதனைச் சாலையாக வைத்துக்கொண்டேன். முழுச் சார்ஜில், நிற்கும்போது 51.4 வோல்ற்று. முழு முறுக்கலில் பாலம் ஏறியபோது 22 அம்பியர், மிகக் குறைந்த வோல்ற்று 42.3. ஒன்பது வோல்ற்றுக்கு மேல் விழுந்திருக்கிறது. அதை 22ஆல் வகுத்தால் 0.41 ஓம் மின்தடை. நலமான நாலு பற்றரியும் வயரும் சேர்ந்தால் இதில் அரைவாசிகூட வராது. 42 வோல்ற்றைத் தொட்டதும் கொன்ட்ரோலர் வண்டியை நிறுத்திவிடும். வயல்வெளியில் நடந்தது அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒவ்வொரு முனையாகப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். மூன்றாவது பற்றரியிலிருந்து நாலாவதுக்குப் போகும் வயர் நுனி கொதித்தது. கழற்றினால் செம்பு வளையம் முழுவதும் பச்சையாகப் பூத்திருந்தது, பக்கத்து பிளாஸ்ரிக் உருகிச் சுருண்டிருந்தது. கடற்கரைக் காற்றில் உள்ள உப்பு செய்த வேலை. வளையத்தை வெட்டி எறிந்து, செம்பு மினுங்கும்வரை வயரைச் சுரண்டிப் புது வளையம் போட்டு நசுக்கி, இறுக்கி, மேலே வாஸ்லின் பூசினோம். மறுநாள் பாலத்தில் மிகக் குறைந்த வோல்ற்று 44.1. ஒரு வளையம் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு வோல்ற்றைத் தின்றிருக்கிறது! கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று கரையோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் பற்றரியைக் குறை சொல்லுமுன் இந்த முனைகளைப் பாருங்கள்.

இருந்தும் 44.1 போதாது. அடுத்ததாகப் பற்றரிகளைக் கழற்றித் தனித்தனியே சோதித்தோம். அதற்கும் இதே மீற்றர் போதும். கார் முன்விளக்குக்குப் போடும் 55 வாற்று பல்ப் இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் 9 அம்பியர் அளவில் இழுக்கும். வண்டிக்கான 20 அம்பியர் மணிப் பற்றரி இரண்டு மணிநேரத்தில் காலியாகும் வேகத்தில்தான் மதிப்பிடப்படுகிறது என்பதால் அந்தச் சுமை சரியாகப் பொருந்தும். பற்றரி சோர்ஸில், பல்ப் லோட்டில். பல்ப் தொட ஏலாதபடி சுடும். நாங்கள் அம்மாவின் உடைந்த மண்சட்டியில் வைத்து எரித்தோம், குசினிச் சுவர் முழுக்க வெளிச்சம். வோல்ற்று 10.5க்கு இறங்கியவுடன் கழற்றிவிட வேண்டும். அதற்குக் கீழே போனால் ஈயப் பற்றரி கெட்டுவிடும். ஆகவே இதை எரியவிட்டுவிட்டுச் சந்தைக்குப் போகாதீர்கள். முடிந்த கையோடு சார்ஜில் போடுங்கள்.

மூன்று பற்றரிகள் 14.2, 14.6, 13.9 அம்பியர் மணி கொடுத்தன. நாலாவது 6.2 கொடுத்து விழுந்துவிட்டது. தொடராகப் பூட்டிய பற்றரிகளில் மெலிந்தது எதுவோ அதன் அளவுக்குத்தான் வண்டி ஓடும். கடைக்காரர் எறியச் சொன்ன நாலில் மூன்று இன்னும் உழைக்கக்கூடியவை. பழையவற்றோடு புத்தம்புதிய ஒன்றைச் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, பழையவை முதலில் காலியாகித் திரும்பவும் இழுபடும். தெரிந்த ஒருவரின் கழித்த வண்டியிலிருந்து 13.8 அம்பியர் மணி கொடுத்த ஒன்றை, அதே பல்ப் சோதனை செய்துதான் வாங்கிப் போட்டேன்.

சார்ஜையும் அளக்கலாம். அப்போது சோர்ஸ் பக்கம் சார்ஜருக்கு, லோட் பக்கம் பற்றரிக்கு. எடுத்த அம்பியர் மணியை விடப் பத்துச் சதவீதமளவு கூடுதலாக உள்ளே போகும், அது வழமை. அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், பற்றரி உடம்பும் சுட்டால், சார்ஜரை நிறுத்துங்கள். லிதியம் பற்றரிக்காரர் பிளக் செருகும்போது வரும் பொறிக்குக் கவனமாக இருங்கள், அதற்கென்றே பொறி தடுக்கும் பிளக் இருக்கிறது. மாரியில் மீற்றர் நனையக் கூடாது. நான் தடித்த பொலித்தீனில் சுற்றி இருக்கைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

கிலோமீற்றருக்கு எத்தனை வாற்று மணி என்று ஒரு வாரம் எழுதினால் உங்கள் பாதை உங்களுக்கே தெரிந்துவிடும். காற்றில்லாத நாளில் எனக்கு 25. கச்சான் அடிக்கும்போது வவுணதீவுப் பக்கம் போக 38, திரும்பி வர 21. போய்வர 660 வாற்று மணி, அதாவது என் பற்றரியின் எல்லைக்குக் கிட்ட. ஆகவே கச்சான் காலத்தில் சார்ஜரைப் பையில் கொண்டுபோய் முன்பள்ளியில் இரண்டு மணிநேரம் போட்டுவிட்டுத்தான் திரும்புகிறேன்.

நேற்றுப் பின்னேரம் கொப்பியில் எழுதியது: 22.4 கிலோமீற்றர், 11.6 அம்பியர் மணி, 563 வாற்று மணி, மிகக் குறைந்த வோல்ற்று 45.1. காற்று இல்லை.