ஒட்டுக் கம்பை ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் செய்யும் தவறுகள்

மானாவாரி ஊர்களுக்கு வீரிய ஒட்டுக் கம்பைக் கொண்டுபோகும் புதிய களப்பணியாளர்களுக்கு ஏக்கருக்கு 2 கிலோ விதை, 45க்கு 15 செ.மீ. இடைவெளி எல்லாம் மனப்பாடம். அதில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. கோட்டை விடுவது வேறு இடங்களில்.

அறுத்த கதிரையே விதைக்கு எடுக்க விடுவது

இலவச விதைப் பையைக் கொடுத்துவிட்டு, "இது ஒரு போகத்துக்குத்தான்" என்று சொல்லாமலே வந்துவிடுகிறார்கள். நல்ல கதிராகப் பார்த்து எடுத்துவைப்பது கம்பு விவசாயியின் பரம்பரைப் பழக்கம். சொல்லாவிட்டால் அதைத்தான் செய்வார், குறை அவருடையதல்ல.

ஒட்டு விதை என்பது தானே மகரந்தம் தராத, அதாவது ஆண்மலடான, தாய் வரிசையையும் மகரந்தத்தை மீட்டுத் தரும் தந்தை வரிசையையும் சேர்த்து உண்டாக்கியது. முதல் தலைமுறை ஒரே சீராக வரும். அதன் மணியை விதைத்தால் பண்புகள் பிரிந்துவிடும். ஒரு செடி இடுப்பளவு, பக்கத்துச் செடி ஆளுயரம். கதிர்கள் ஒன்றாக முற்றாததால் ஒரே அறுப்பு இரண்டு மூன்றாகும், கூலியும் அப்படியே. மகரந்தத்தை மீட்கும் மரபணு ஒன்றுதான் என்றால், ஏறக்குறைய கால் பங்குச் செடிகள் மறுபடி ஆண்மலடாகிவிடும். அவை பக்கத்துச் செடியின் மகரந்தத்தை நம்பி நிற்பவை. பூக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் மணி பிடிக்காது. மகரந்தம் சேராத பூவில் தேன் ஒழுகல் நோய் எளிதாகப் புகும். அந்த நோயின் கரும்பூசண வித்து கலந்த தானியம் மனிதருக்கும் மாட்டுக்கும் நஞ்சு. இத்தனைக்கும் பிறகு ஊரில் மிஞ்சும் பேச்சு, "ஒட்டுக் கம்பு ஏமாத்திருச்சு."

எனவே அடுத்த போக விதை எங்கே, என்ன விலைக்கு, எப்போது கிடைக்கும் என்பதைப் பையோடு எழுதிக் கொடுங்கள். அதற்கு வழியில்லாத ஊரா? ஒட்டைக் கொண்டுபோகவே வேண்டாம். கோ 10, தனசக்தி போல விதை எடுத்துவைக்கக்கூடிய ரகங்கள் இருக்கின்றன. கம்பு அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால், வரப்போரத்தை விட்டுவிட்டு வயலின் நடுவில், நிறையச் செடிகளிலிருந்து கதிர் எடுக்க வேண்டும்.

'நோய் தாங்கும்' என்பதைச் சாசுவதமாக எடுத்துக்கொள்வது

1965இல் வந்த எச்.பி. 1, இந்தியாவின் முதல் ஒட்டுக் கம்பு. 1970களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் அதைச் சாய்த்தது. ஊர் முழுக்க ஒரே ஒட்டைப் பரப்பாதீர்கள். கிலோ விதைக்கு 6 கிராம் மெட்டலாக்சில் என்ற பூசணக்கொல்லியைக் கலந்து விதையுங்கள். இந்த நோயால் வெளிறிய செடியைக் கண்டதும் பிடுங்கி அழியுங்கள்.

மருந்து கலந்த விதையை உப்புக் கரைசலில் போடுவது

கரும்பூசண வித்தை மிதக்கவிட்டுப் பிரிக்க விதையை உப்புக் கரைசலில் போடுவது வழக்கம். மருந்து கலந்த விதையைப் போட்டால் மருந்து கழுவிப்போகும். பை அட்டையைப் படியுங்கள்.

நாட்டு விதையைக் கைவிடச் சொல்வது

கூடவே கூடாது.

கிணற்றுப் பாசன நிலத்தில் செயல்விளக்கம்

மானாவாரிக்காரர் அந்த விளைச்சலை நம்ப மாட்டார். நம்பினால் இன்னும் மோசம். அவருடைய நிலத்திலேயே, அவர் போடும் எருவிலேயே, நாட்டுக் கம்பையும் பக்கத்தில் விதைத்துக் காட்டுங்கள். அறுப்பன்று மணியோடு தட்டையையும் எடை போடுங்கள். மாடு வைத்திருப்பவர் முதலில் கேட்பது தட்டையைத்தான்.