ஆளில்லா மலையில் நூலகக் கோபுரம்: கற்பனை உலகம் கட்டுவோருக்கு

மந்திரம், சாபம், ரகசிய அறை எல்லாம் பிறகு. முதலில் கோபுரத்தின் உள்விட்டத்தை முடிவு செய்யுங்கள்.

உள்விட்டம் 8 மீட்டர் என்றால் சுவரின் சுற்றளவு சுமார் 25 மீட்டர். கதவு, ஜன்னல், படிக்கட்டுக்கு 7 மீட்டர் போக மிச்சம் 18. ஆறு தட்டு வைத்தால் மாடிக்கு 108 மீட்டர் அடுக்கு. மீட்டருக்கு 35 கிலோ வைத்துக்கொண்டாலும் புத்தகம் மட்டுமே 3.8 டன்! அதனால் இரும்புப் பட்டை போட்ட தடிமனான நூல்களை உச்சியில் ஏற்றாதீர்கள். அங்கே சுருள்களும் வரைபடங்களும் போதும். தரைத்தளத்தில் ஈரம் ஏறும். அது தானியத்துக்கும் ஆகாது, விறகுக்கும் கருவிகளுக்கும் விடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது வளைந்த சுவரில்தான். நேர்ப்பலகையின் இரு முனையும் சுவரைத் தொட்டால் நடுவில் இடைவெளி விழும்: 1 மீட்டர் பலகைக்கு 3 செ.மீ., 2 மீட்டருக்கு 12 செ.மீ.க்கு மேல். நீளப் பலகை பாரத்தில் தொய்ந்தும் போகும். 90 செ.மீ. நீளம், இரண்டரை செ.மீ. கனம் போதும். அந்த இடைவெளியை அடைக்கவே கூடாது. கல் சுவர் வியர்க்கும். பின்னால் காற்று ஓடாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஜன்னல் கிழக்கே இருக்கட்டும். காலை வெளிச்சமும் கிடைக்கும், ஏடுகளும் கெடாது என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் சொன்ன விதி இது. உங்கள் உலகில் இரண்டு சூரியன் என்றால் கணக்கை நீங்களே திருப்பிப் போடுங்கள்.

உள்ளே தீ கூடாது. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் வாசகர்கள் நெருப்பு கொண்டுவர மாட்டோம் என்று உறுதிமொழி எடுப்பது மரபு. சமையற்கட்டைத் தனிக் கட்டடமாக, காற்று கோபுரத்திலிருந்து அதை நோக்கி வீசும் பக்கத்தில் வையுங்கள். மந்திர விளக்கு வேண்டுமானால் மங்கலாக எரியட்டும். கடும் ஒளியில் மை வெளிறும்.

பூச்சிக்குக் காவல் வேண்டும். போர்ச்சுகலின் கோயிம்ப்ரா பல்கலைக்கழகப் பழைய நூலகத்தில் வௌவால்கள் அந்த வேலையைச் செய்கின்றன. எச்சம் விழாமலிருக்க இரவில் மேசைகளைத் தோலால் மூடுகிறார்கள். குட்டி டிராகனை வைக்க ஆசையா? நெருப்பு கக்காத இனமாகப் பாருங்கள்.

கடைசியாக, வயிறு. ஆறு பேர், பனி மூடிய ஆறு மாதம், ஆளுக்கு நாளுக்கு 750 கிராம் தானியம்: 810 கிலோ. கோவேறு கழுதைக்கு 80 கிலோ என்றால் பதினொரு கழுதைகள். நூல் படியெடுக்கும் கோபுரமானால் எழுதுவதற்குத் தோலும் தேவை. பெரிய அளவு நூலில் ஓர் ஆட்டுத்தோலுக்கு இரண்டு தாள்தான். 300 தாள் நூலுக்கு 150 ஆடுகள். வரைபடத்தில் ஒரு நாள் நடை தூரத்துக்குள் மேய்ச்சல் நிலம் ஒன்றைக் குறித்துவிடுங்கள்.