வறட்சியில் மாட்டையும் விதையையும் காப்பாற்ற

மழை தள்ளிப்போகிறது என்று தெரிந்ததும் வைக்கோல் போரைக் கணக்குப் போடுங்கள். 300 கிலோ எடையுள்ள மாடு நாளைக்கு 6 முதல் 9 கிலோ உலர்தீவனம் தின்னும். இருப்பதை வகுத்தால் எத்தனை நாள் ஓடும் என்று தெரிந்துவிடும்.

பற்றாதென்றால், கழிக்க வேண்டியதை உடனே விற்றுவிடுங்கள். ஒரு வருஷம் நான் "அடுத்த வாரம் பெய்யும்" என்றே மூன்று மாதம் ஓட்டினேன். சந்தைக்கு ஓட்டிப் போன அன்று மாட்டின் விலா எலும்பை எண்ணலாம். என்னைப் போல் காத்திருந்தவர்கள் எல்லாரும் அன்றைக்கே வந்திருந்தார்கள். மாட்டு விலை விழுந்து கிடந்தது, தவிட்டு விலை மட்டும் ஏறியிருந்தது.

முதலில் போக வேண்டியவை கிடாக்கள், கிழடு, சினை பிடிக்காதவை. இளம் பெட்டைகளைக் கடைசிவரை விடாதீர்கள். ஆடா மாடா என்று வந்தால் நான் ஆட்டைத்தான் வைத்துக்கொள்வேன். ஐந்து மாதத்தில் குட்டி போடும், பல நேரம் இரட்டையாக. மாட்டுக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும்.

சரி, வெறும் வைக்கோலில் சத்தில்லையே? வைக்கோலை யூரியாக் கரைசலால் பதப்படுத்தலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீர். யூரியா ஒரு கட்டிகூட இல்லாமல் கரைய வேண்டும். வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கிலும் கரைசலைத் தெளித்து, ஏறி மிதியுங்கள். தார்ப்பாயால் மூடி, ஓரம் முழுக்க மண் அணையுங்கள். 21 நாள் தொடக் கூடாது. பிரிக்கும்போது கண் எரியும், அது நல்ல அறிகுறி. வேண்டிய அளவு எடுத்து, நெடி போக ஆறவிட்டு, பழைய தீவனத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு வேண்டாம். மிச்சக் கரைசலை மாடு குடித்தால் செத்துவிடும். வாளியை அங்கேயே கழுவிக் கவிழ்த்துவிடுங்கள்.

விதைத் தானியத்தைச் சமையல் தானியத்தோடு ஒரே இடத்தில் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் விதை மூட்டையைத் தைத்துப் பரண் மேல் ஏற்றிவிடுவோம். ஏணி போட்டு எடுக்க வேண்டும் என்றால் கை கொஞ்சம் தயங்கும். முதல் மழைக்கே அவ்வளவையும் விதைக்காதீர்கள். அது ஏமாற்றினால் மறுவிதைப்புக்குப் பாதியாவது மிஞ்சட்டும்.

அப்புறம், மழை பெய்ததும் மாட்டை அவிழ்த்துவிடத் தோன்றும். சோளக்கொல்லைப் பக்கம் மட்டும் விடாதீர்கள். வாடி நின்ற சோளத்திலும், மழைக்குப் பிறகு துளிர்க்கும் இளந்தளிரிலும் சயனைடு நஞ்சு கூடியிருக்கும். மேய்ந்த கொஞ்ச நேரத்தில் மூச்சுத் திணறி விழும். பயிர் வளர்ந்து பூக்கும்வரை பொறுங்கள்.