தாலி கட்டும் வரை தாங்குமா இந்தப் பற்றரி?

பத்திரகாளி அம்மன் கோயிலில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார், என் கமரா பிளாஷோ கீச்சென்று இரைந்துகொண்டே இருக்கிறது, தயார் விளக்கு எரியவில்லை. உள்ளே இருந்தவை, கொள்ளளவு 3000 எம்ஏஎச் என்று உறையில் போட்டிருந்த, திரும்ப ஏற்றக்கூடிய மலிவு AA பற்றரிகள். அன்று முதல் உறையை நம்புவதில்லை. நானே அளக்கிறேன்.

முதலில் பிளாஷின் தகடுகளைப் பென்சில் அழிறப்பரால் துடையுங்கள். திருகோணமலை உப்புக் காற்றில் அவை கறுத்துவிடும், பழி பற்றரி மேல் விழும். புதுப் பற்றரியென்றால் இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கிய பிறகே சோதனை. ஒவ்வொரு பற்றரியையும் தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜர் வேண்டும்.

சரி, பிளாஷை மேனுவலில் 1/1 என்று முழுப் பலத்தில் வையுங்கள். கமராவும் மேனுவலில், வெறும் சுவரைப் பார்த்தபடி. விளக்கு எரிந்ததும் அடிக்க வேண்டும். பக்கத்தில் போனில் வீடியோ ஓடட்டும், பிறகு ஆறுதலாக நொடிகளை எண்ணலாம். பத்து அடித்தால் பத்து நிமிடம் ஓய்வு, இல்லாவிட்டால் பிளாஷே சூடேறிப் போகும். முதல் அடிக்கு எத்தனை நொடி என்பதை எல்லாரும் பார்ப்பார்கள். நான் பார்ப்பது நாற்பதாவது அடியை.

விளக்கும் கொஞ்சம் பொய் சொல்லும். பிளாஷுக்குள் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கொள்ளளவி முழுதாக நிரம்பும் முன்பே எரியும். அதனால் சுவர்ப் படங்களையும் வரிசையாகப் பாருங்கள், ஒன்று மங்கலென்றால் அவசரப்பட்டிருக்கிறது.

ஒருமுறை பாவித்து வீசும் அல்கலைன் 1.5 வோல்ட், நாம் ஏற்றிப் பாவிக்கும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு 1.2 தான். ஆனாலும் பிளாஷ் ஒரேயடியாக மின்சாரம் இழுக்கும்போது அல்கலைனின் உள்தடை அதிகம் என்பதால் வோல்ட் சரிந்துவிடும். நாலும் தொடராக நிற்பதால் ஒரு சொத்தை மற்ற மூன்றையும் இழுத்து விழுத்தும். நான் ‘அ1, அ2’ என்று எழுதி, செட் கலையாமல் வைத்திருக்கிறேன்.

அப்புறம், ஏற்றிய செட்டை ஒரு மாதம் அலுமாரியில் போட்டுவிட்டு, மீண்டும் ஏற்றாமல் இதே சோதனை. சும்மா கிடந்தே மின்சாரத்தை இழந்துவிடும் பழைய வகை இங்கேதான் தோற்கும். 2005இல் சான்யோ கொண்டுவந்த எனலூப் போன்றவை தாங்கும். அதிலேயே 2500 எம்ஏஎச் ப்ரோ ஒரு தடவை ஏற்றினால் கூடுதல் அடி தரும், ஆனால் திரும்பத் திரும்ப ஏற்றும் ஆயுள் சாதாரண 2000ஐவிடக் குறைவு. எனக்குச் சாதாரணமே போதும், இரண்டு செட்.

14500 என்ற லித்தியம் பற்றரியும் இதே AA அளவில்தான் இருக்கும். அது 3.7 வோல்ட். மறந்தும் பிளாஷில் போட்டுவிடாதீர்கள்.